வயோதிகரின் அந்திம காலம்

மிகுந்த வயதான பெரியவர்கள் கோயிலுக்குச் சென்றால் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். செல்வம் வேண்டுமென்றோ, இன்னும் இருபது வருஷம் இருக்க வேண்டுமென்றோ அவர்கள் கேட்பதில்லை. "படுக்கையில் விழாமல், பிறருக்குப் பாரமாக இராமல், கௌரவமாகப் போய்ச் சேர வேண்டும்" என்பதே அவர்களுடைய பிரார்த்தனை. படித்தவர்கள் இதனை அநாயாஸ மரணம் என்பார்கள். படிக்காதவர்கள் நல்ல சாவு என்பார்கள். சொல்தான் வேறு, கருத்து ஒன்றே. ஆனால் ஆண்டவனிடம் மட்டும் சொல்லப்படும் இந்த விருப்பம் பெற்ற பிள்ளைகளின் செவிக்கு எட்டுவதில்லை. வைத்தியரின் செவிக்கும் எட்டுவதில்லை. கேட்பது அபசகுனம் என்று பிள்ளைகள் கேட்பதில்லை. சொன்னால் பிள்ளைகள் மனம் வருந்துமே என்று பெரியவர்கள் சொல்வதில்லை. அன்பினால் விளைந்த இந்த மௌனத்தின் பலனைக் கடைசியில் அனுபவிப்பவர் கட்டிலில் கிடக்கும் முதியவரேயாவார்.

இதை ஒரு குடும்ப விஷயமென்று ஒதுக்கிவிடக்கூடிய காலம் போய்விட்டது. 1947-ம் வருஷத்தில் நமது ஜனங்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வருஷம். இன்று அது ஏறக்குறைய 70. வைசூரி ஒழிந்தது; காலரா அடங்கியது; பிரசவத்தில் தாயும் சேயும் மடிவது வெகுவாகக் குறைந்தது. இவை நாம் பெருமைப்படத்தக்க வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர்; அவர்களுள் 80 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். ஆயுளை நீட்டிக்கக் கற்றுக்கொண்ட நாம், அந்த ஆயுளின் இறுதி ஏட்டை எப்படி முடித்து வைப்பது என்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மரணம் வரும் வழிகள்

முதியோர் மரணத்தை ஆராய்ந்த வைத்திய நிபுணர்கள் அது பெரும்பாலும் மூன்று வழிகளில் வருவதாகப் பிரித்துக் கூறுகிறார்கள். புற்றுநோய் போன்றவற்றில் மனிதர் நெடுநாள் ஓரளவு நடமாடிக்கொண்டிருந்து, இறுதிச் சில வாரங்களில் வேகமாகக் குன்றுகிறார். இருதயம், நுரையீரல் முதலியவை பழுதடைந்தால் அடிக்கடி அபாய நிலை ஏற்படுவதும், தேறுவதும், மறுபடி விழுவதுமாக வருஷங்கள் கழிகின்றன. மூன்றாவது வழியே தொண்ணூறை நெருங்குகிறவர்களில் பலர் செல்லும் வழி. அதில் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க ஒரு நோயுமில்லை. இன்று கைத்தடி, நாளை சுவர், மறுநாள் கட்டில் என்று தேகம் தளர்கிறது, ஞாபகம் மங்குகிறது, ஆகாரம் குறைகிறது. எண்ணெய் வற்றிய விளக்கு மெல்ல மெல்ல ஒடுங்குவதைப் போன்றது இது.

இந்த மூன்றாவது வழியில் "இதோ அந்திம காலம் தொடங்கிவிட்டது" என்று எவராலும் நாள் குறிக்க முடியாது. ஆகையால் வைத்தியர் கைவிரித்த பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால், யோசிக்கும் நேரம் வருவதற்குள் முதியவரின் பேச்சு நின்றுவிடுகிறது. இதுவே இவ்விஷயத்தின் மூலக் கஷ்டம்.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தகப்பனாருக்கு வயது 88. இரண்டு வருஷமாக நடமாட்டமில்லை. ஒரு நாள் இரவு மூச்சுத் திணறுகிறது. கிராமத்தில் வைத்தியர் இல்லை. மூத்த மகன் வெளியூரிலிருந்து டெலிபோனில், "எவ்வளவு செலவானாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்கிறான். கொண்டு போகிறார்கள். தொண்டையில் குழாய்; மூக்கில் குழாய்; கைகள் கட்டிலோடு கட்டப்படுகின்றன; வென்டிலேட்டர் என்னும் சுவாச யந்திரம் ஓடுகிறது. பார்ப்பதற்கு மனைவியை நாளைக்குச் சில நிமிஷமே அனுமதிக்கிறார்கள். பத்தாம் நாள் உயிர் பிரிகிறது. அதற்குள் நிலம் அடமானத்துக்குப் போய்விடுகிறது. இதில் யாரைக் குறை கூறுவது? மகன் செய்தது அன்பு. வைத்தியர் செய்தது கடமை. ஆனாலும் அந்தப் பத்து நாட்களைப் பற்றி அந்தப் பெரியவரின் அபிப்பிராயம் என்ன என்பதை அங்கிருந்தவர்களில் ஒருவரும் அறியார். ஏனெனில், ஒருவரும் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை.

மற்றொரு கொடுமை

நிற்க. யந்திரங்களின் மிகுதி ஒரு கொடுமையென்றால், கவனிப்பின்மை அதனினும் பெரிய கொடுமை. நமது கிழவர்களிலும் கிழவிகளிலும் மிகப் பலர் யந்திரத்தைக் கண்ணால் கண்டவரல்லர். ஒரு வலி மாத்திரையையும் கண்டவரல்லர். திண்ணையின் ஓரத்தில், படுக்கைப் புண்ணோடு, காது கேளாமல், கண் தெரியாமல், "காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது" என்று முனகியபடி நாட்களை எண்ணுகிறவர்கள் எத்தனை பேர்!

தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரால் நடைபெற்று வந்த வழக்கத்தை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படுக்கையில் வீழ்ந்த முதியவரை எண்ணெய் ஸ்நானம் என்ற பெயரில் குளிப்பாட்டி உயிர் போகச் செய்யும் வழக்கம் அது. 2010-ம் வருஷத்தில் விருதுநகர் ஜில்லாவிலிருந்து வந்த செய்திகளால் அது வெளியுலகத்துக்கு நன்கு தெரிய வந்தது. 2018-ம் வருஷத்துக்குரிய சிறந்த தமிழ்ப் படமென்று தேசிய விருது பெற்ற படம் இவ்விஷயத்தைப் பற்றியதே. அதன் பெயர் "பாரம்". சட்டத்தின் கண்ணில் இது கொலை. தர்மத்தின் கண்ணிலும் கொலையே. ஆனால் கண்டித்துவிட்டால் மட்டும் போதுமா? கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்ற வீட்டில், மாதக்கணக்காக மலஜலம் படுக்கையிலேயே கழியும் ஒருவரைப் பராமரிக்க ஓர் உதவியும் கிடைக்காதபோது, இரக்கமும் சலிப்பும் கலந்து எந்த இடத்தில் பாதகமாக மாறுகின்றன என்பதையும் நாம் ஆராய வேண்டாமா? ஆதரவு எட்டாத இடத்திலேயே அக்கிரமம் புகுகிறது.

வேண்டுவன யாவை?

அந்திம காலத்தில் முதியவருக்கு வேண்டுவன பெரும்பாலும் எளியவை, விலை குறைந்தவை. முதலாவது, வலி தணிய வேண்டும். மிகுந்த வயதானவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்வது குறைவு. வயதானால் வலி இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஞாபகம் மங்கியவர்களோ சொல்லவே இயலாதவர்கள். முகம் சுளிப்பதிலும், தொட்டால் கையைத் தட்டிவிடுவதிலும்தான் அவர்களுடைய வலியைப் படிக்க வேண்டும். இரண்டாவது, படுக்கைப் புண் வராமல் காக்க வேண்டும். சுமார் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதும், சருமத்தை ஈரமின்றி வைப்பதும், காற்றுப் படுக்கை ஒன்று வாங்குவதும் இதற்கு உதவும். மூன்றாவது, மலச்சிக்கல், மூச்சுத் திணறல், தூக்கமின்மை, வாய் உலர்தல் ஆகிய சிறு உபத்திரவங்கள். இவற்றைச் சிறு உபத்திரவங்கள் என்பவர் படுக்கையில் கிடந்து பார்த்தவரல்லர். நான்காவது, காது கேட்கும் கருவியும் மூக்குக் கண்ணாடியும். கேளாதவரைப் புத்தி பேதலித்தவர் என்று ஒதுக்கிவிடுவது நமது வீடுகளில் நடந்து வரும் பெரும் தவறு.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி நாட்களில் பசியும் தாகமும் குறைவது இயற்கை. "பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஊர் சொல்லுமே" என்று பயந்து குழாய் வழியே ஊட்டச் சொல்கிறோம். ஞாபக சக்தி முற்றிலும் அழியும் நோயின் முதிர்ந்த கட்டத்தில் இக்குழாய்களைத் தவிர்த்து, கையால் பொறுமையாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் வைத்தியச் சங்கம் 2014-ம் வருஷத்தில் சிபாரிசு செய்தது. பஞ்சில் நனைத்த தண்ணீரால் உதட்டை ஈரப்படுத்துவதும், ஒரு கரண்டி கஞ்சியை ஒரு சிறு கதையோடு ஊட்டுவதும் நமது பாட்டிமார் அறிந்திருந்த சிகிச்சையே.

அவ்வாறே, நின்றுபோன இருதயத்தை மார்பில் அழுத்தி மறுபடி ஓட்டும் முயற்சியும். வலிமையுள்ள தேகத்தில் திடீரென்று இருதயம் நின்றால் அது உயிர் காக்கும் அருமருந்து. உலர்ந்து தளர்ந்த 90 வயதுத் தேகத்தில், நீண்ட நோயின் முடிவில், அது பலனளிப்பது மிகச் சிலருக்கே; விலா எலும்புகள் முறிவதோ பலருக்கு. எப்போது அம்முயற்சியைச் செய்யாதிருக்கலாம் என்பதற்கு இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2020-ம் வருஷத்தில் நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது.

வேண்டுவன இவ்வளவோடு முடிந்துவிடவில்லை. லண்டனில் 1967-ம் வருஷத்தில் செயின்ட் கிறிஸ்டோபர் ஆதரவு இல்லத்தை நிறுவிய ஸிஸிலி சாண்டர்ஸ் அம்மையார், முதலில் தாதியாகவும், பின்னர் ஆஸ்பத்திரியின் சமூக ஊழியராகவும், அதன் பின்னர் வைத்தியராகவும் பணியாற்றியவர். சாகிறவரின் வேதனை தேகத்தோடு நிற்பதில்லை, மனம், குடும்பம், ஆன்மா ஆகிய யாவற்றையும் பற்றிய முழு வேதனை அது என்பதே அவர் உலகுக்குக் கற்பித்த பாடம். கலியாணமாகாத பேத்தி, பேசாமலிருக்கும் தம்பி, தீர்க்கப்படாத கைமாற்று இவையெல்லாம் வலி மாத்திரையால் தீரா. உட்கார்ந்து கேட்கும் ஒருவரால் தீரும்.

விருப்பம் ஒன்றல்ல

எல்லா முதியவர்களும் வீட்டிலேயே இறக்க விரும்புகிறார்கள் என்று நாமாக முடிவு செய்துவிடுவதும் பிசகு. பலர் அப்படி விரும்புவது உண்மையே. ஆனால் மருமகளுக்குத் தொல்லை என்று ஆஸ்பத்திரியை விரும்புகிறவர்களும் உண்டு. பேரன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை எப்படியாவது உயிரைப் பிடித்து வைக்க வேண்டுமென்கிறவர்களும் உண்டு. கடைசிவரை எல்லா வைத்தியமும் செய்ய வேண்டுமென்கிறவர்களும் உண்டு. இவர்கள் விருப்பத்துக்கும் அதே மதிப்பு உண்டு. போன வருஷம் சொன்னதை இந்த வருஷம் மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமையுண்டு. 80 வயதாகிவிட்டதென்பதற்காக எந்தச் சிகிச்சையையும் மறுப்பது அநியாயம். 80 வயதாகியும் வாய் திறந்து கேளாமல் எல்லாச் சிகிச்சையையும் திணிப்பதும் அநியாயமே.

இது விஷயத்தில் சட்டம் நம்மைவிட முன்னே சென்றிருக்கிறது. காமன் காஸ் என்ற சங்கம் 2005-ம் வருஷத்தில் தொடுத்த வழக்கில், 2018-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதியன்று ஸுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. கௌரவமாக வாழும் உரிமையில் கௌரவமாக இறக்கும் உரிமையும் அடங்கும் என்றும், மீளமுடியாத நிலையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாமென்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆனால் அந்தப் பத்திரத்தில் மாஜிஸ்டிரேட்டின் கையொப்பமும் வேண்டுமென்று விதித்ததால் அது சாமானியர்களுக்கு எட்டாக் கனியாயிற்று. 2023-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதியன்று அதே கோர்ட்டு விதிகளை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, ஒரு நோட்டரியோ கெஜட் பதிவு பெற்ற உத்தியோகஸ்தரோ அத்தாட்சி செய்தால் போதும். தமக்காகப் பேசத்தக்கவர் இன்னாரென்று அதில் பெயர் குறிக்கலாம். 2025-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதியன்று கர்நாடக சர்க்கார் இத்தீர்ப்பை அமுலுக்குக் கொண்டுவர உத்தரவு பிறப்பித்தது.

ஓர் ஆட்சேபம்

"இப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டால், சொத்துக்கு ஆசைப்படும் பிள்ளைகள் கிழவரைச் சீக்கிரம் அனுப்பிவிட மாட்டார்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். தலைக்கூத்தலைக் கண்ட தமிழ்நாட்டில் இக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. ஆகையால் இரண்டு விஷயங்களைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். ஊசி போட்டோ வேறு விதத்திலோ உயிரைப் போக்குவது நமது தேசத்தில் குற்றம். கோர்ட்டு அதை அனுமதிக்கவில்லை. பயனற்ற யந்திரத்தை நிறுத்தி, இயற்கையான முடிவுக்கு இடங்கொடுப்பது மாத்திரமே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் மூன்று வைத்தியர்கள் கொண்ட முதற்குழு ஆராய வேண்டும். ஜில்லா வைத்திய அதிகாரி நியமிக்கும் ஒருவர் அடங்கிய வேறு மூவர் கொண்ட இரண்டாங்குழு ஒப்ப வேண்டும். மாஜிஸ்டிரேட்டுக்குத் தகவல் செல்ல வேண்டும். கதவு திறந்திருக்கிறது, ஆனால் காவலும் இருக்கிறது.

எனினும் அந்த ஆட்சேபத்தில் ஓர் உண்மை உண்டு. "நான் போய்விட்டால் தேவலை" என்று ஒரு முதியவர் சொன்னால், அது அவருடைய விருப்பமா, அல்லது அவருடைய வலியின் குரலா, தனிமையின் குரலா என்று முதலில் பார்க்க வேண்டும். வலியைத் தணித்த பிறகு, மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்த பிறகு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்த பிறகு, அதே வாய் வேறு வார்த்தை சொல்லக்கூடும். ஆகவே முதலில் ஆதரவு, பிறகே பத்திரம். ஆதரவுச் சிகிச்சை கிடைக்காத ஊரில் சிகிச்சை வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் உரிமை, சோறில்லாத ஊரில் உபவாசம் இருக்கும் உரிமையைப் போன்றதே.

அண்டை நாட்டார் காட்டிய வழி

ஆதரவுச் சிகிச்சை பணக்காரத் தேசங்களுக்கே ஏற்றது என்பார்க்குக் கேரளம் பதில் சொல்லியிருக்கிறது. 1993-ம் வருஷத்தில் கோழிக்கோடு வைத்தியக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைச் சங்கமொன்றைத் தொடங்கினார்கள். நோயாளிகள் தேடி வந்தார்கள். ஆனால் நடக்க முடியாதவர் வருவது எப்படி? ஆகவே சங்கம் அவர்களைத் தேடிப் போயிற்று. பிறகு மலப்புரம் முதலிய ஜில்லாக்களில் அண்டை வீட்டாரே பயிற்சி பெற்றுத் தொண்டர்களானார்கள். ஊரார் சிறு சிறு தொகையாக நிதி திரட்டினார்கள். 2008-ம் வருஷத்தில் இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டு, இந்தியாவில் முதல்வராகக் கேரள சர்க்கார் முன்வந்தனர். கிராமப் பஞ்சாயத்துகளின் ஆதரவில் நர்ஸுகள் வீடு வீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்கள், குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மருந்தைப் பற்றி நினைக்கும்போது வெட்கமே உண்டாகிறது. கடும் வலிக்கு மார்பின் நல்ல மருந்து, விலையும் மலிவு. அதற்கு மூலப்பொருளான அபினியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்களில் சட்டப்படி பயிரிட்டு அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்த தேசம் நம்முடையது. ஆனால் 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து நமது ஆஸ்பத்திரிகளே மார்பினை வாங்கி வைப்பதை விட்டன. விளைத்தவன் வீட்டில் வலி. வாங்கினவன் வீட்டில் நிவாரணம்! 2014-ம் வருஷத்தில் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கிற்று. திருத்தம் புஸ்தகத்தில் இருந்தால் போதாது. ஜில்லா ஆஸ்பத்திரியின் அலமாரியிலும் இருக்க வேண்டும்.

சர்க்காரின் பணம் எந்தத் திசையில் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024-ம் வருஷம் அக்டோபரில் இந்திய சர்க்கார் 70 வயதானவர் அனைவருக்கும், வருமானத்தைக் கருதாமல், வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு காப்புறுதி அளித்தனர். இது நல்ல காரியம். ஆனால் இது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. கட்டிலில் கிடக்கும் கிழவியிடம் வாரம் ஒரு நாள் நர்ஸ் ஒருவர் வந்து போவதற்கு இதில் இடமில்லை. தமிழ்நாட்டில் 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சையளிப்பதும் சேர்க்கப்பட்டது. வீட்டைத் தேடி வருவதென்ற அந்தக் கொள்கை சரியானது. அது ஒவ்வொரு கிராமத்துக்கும் இடைவிடாமல், போதிய நர்ஸுகளோடும் மருந்தோடும் போய்ச்சேர வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இன்னொருவரையும் மறக்கலாகாது. இரவில் நான்கு தரம் எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கும் மருமகள், வேலையை விட்டுவிட்டுத் தாயோடு இருக்கும் மகள் ஆகியோர்தாம் இந்தத் தேசத்தின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி. அவர்களுக்குச் சம்பளமில்லை, ஓய்வுமில்லை, முதுகுவலியைக் கேட்பாருமில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் வேறொருவர் வந்து அமர்ந்து அவர்களை உறங்க விடுவதும் முதியோர் பராமரிப்பின் பகுதியே.

செய்யத்தக்கது

சர்க்கார் செய்ய வேண்டியவை பல. ஆயினும் சர்க்காருக்காகக் காத்திராமல் இன்று மாலையே நாம் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. வீட்டில் முதியவர் இருந்தால், அவர் தெளிவாக இருக்கும் ஒரு வேளை பார்த்து, அருகில் உட்கார்ந்து, "அம்மா, உடம்பு முடியாமல் போனால் எங்கே இருக்க உங்களுக்குப் பிரியம்? யார் பக்கத்தில் இருக்க வேண்டும்? எதற்கு நீங்கள் அதிகமாகப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்டதும் பதில் வந்துவிடாது. முதல் நாள் "அதெல்லாம் இப்போது எதற்கு?" என்பார்கள். இரண்டாம் நாள் தம் தாயார் இறந்த கதையைச் சொல்லுவார்கள். அந்தக் கதையிலேயே அவர்களுடைய விருப்பம் இருக்கும். அதைக் குடும்பத்தார் அனைவரும் அறியச் செய்ய வேண்டும். வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விரும்பினால் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும்.

நமக்கு முதல் வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கடைசி வார்த்தையைக் கேட்பதற்கு நமக்கு நேரமில்லை என்று சொல்வோமானால், இத்தனை வருஷம் அவர்களுடைய ஆயுளை நீட்டிக் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. பிறக்கும் குழந்தையைக் கையில் ஏந்த ஊரே கூடுகிறது. போகிற உயிரின் கையைப் பிடித்துக்கொள்ளவும் ஒரு கை இருக்கட்டும்.